ஜெர்மனி மாணவர் விசா: எதை முதலில் தொடங்க வேண்டும், எங்கே சிக்கும்

கேட்டவர் பி.இ. மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருடம் வேலை பார்த்தவர். அடுத்த அக்டோபரில் ஜெர்மனியில் முதுகலை சேர நினைக்கிறார், கல்விக் கடன் எடுக்கப்போகிறார். எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு பணம் காட்ட வேண்டும், கன்சல்டன்சி வைத்துக்கொள்ளலாமா என்பது கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். கன்சல்டன்சி தேவையில்லை. விசா விண்ணப்பத்தில் அவர்கள் செய்யும் வேலை, நீங்களே தட்டக்கூடிய படிவத்தை உங்களுக்காகத் தட்டிக் கொடுப்பதுதான். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஆள் சேர்ப்பதற்காக யாருக்கும் கமிஷன் கொடுப்பதில்லை. அதனால் பல கன்சல்டன்சிகள் கமிஷன் தரும் தனியார் கல்லூரிகளின் பக்கமே உங்களைத் தள்ளப் பார்க்கும். அவர்கள் எழுதிக் கொடுக்கும் நோக்கக் கடிதம் நூறு பேருக்குப் போன அதே கடிதமாக இருக்கும். விசா அலுவலகத்தில் அதைப் படிப்பவர்களுக்கு அது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சென்னையில் உங்கள் பாஸ்போர்ட்டில் ஒட்டித் தருவது ‘டி’ வகை தேசிய விசா. பெரும்பாலும் மூன்று மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் அது காலாவதியாகும். ஜெர்மனி போய்ச் சேர்ந்த பிறகு, அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் அதைத் தற்காலிக வசிப்பு அனுமதியாக மாற்ற வேண்டும். இரண்டுக்கும் அடிப்படை ஒரே சட்டப் பிரிவுதான், வசிப்புச் சட்டத்தின் 16பி. விசா வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அடுத்த வருடம் ஓடத் தொடங்குவார்கள். ஆகவே இரண்டு கட்டத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

விசா கிடைக்காமல் போவதைவிட, கிடைக்க வேண்டிய விசா நேரத்துக்கு வராமல் செமஸ்டர் கைநழுவுவதுதான் நல்ல மாணவர்களுக்கு நேரும் விபத்து. காரணம் எளிது. ஒவ்வொரு காகிதமும் இன்னொரு காகிதத்துக்காகக் காத்திருக்கும். ஏபிஎஸ் (உங்கள் சான்றிதழ்களைச் சரிபார்த்து டெல்லியில் தரும் சான்று) இல்லாமல் அட்மிஷன் நகராது. அட்மிஷன் இல்லாமல் வங்கி நகராது. வங்கி நகராமல் பிளாக்டு அக்கவுண்ட் (முதல் வருடச் செலவுப் பணத்தை ஜெர்மனியில் முடக்கி வைக்கும் கணக்கு) நிரம்பாது. அது நிரம்பாமல் விசா விண்ணப்பம் முழுமையாகாது. இந்தச் சங்கிலியின் தலைப்பக்கத்தை முந்தைய வருடம் செப்டம்பர், அக்டோபரிலேயே பிடித்துவிட வேண்டும்.

பெயர்

நம் ஊர்க்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் சிக்கல் இது. பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் ‘கார்த்திக் எஸ்’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து ‘கார்த்திக் சுப்ரமணியன்’ என்று இருக்கும், அல்லது சர்நேம் கட்டம் வெறுமையாகவே இருக்கும். பான் கார்டில் மூன்றாவது வடிவம். இந்தியாவுக்குள் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஜெர்மன் படிவங்களில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே போக முடியாது.

பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லை என்றால், விண்ணப்ப வேலை எதையும் தொடங்கும் முன்பே பாஸ்போர்ட்டை மறுபதிப்புக்குக் கொடுத்து, அப்பா பெயரையோ விரித்த இனிஷியலையோ சர்நேமாகச் சேர்த்துக்கொள்வது நல்லது. பாதி வழியில் மாற்றினால் ஏபிஎஸ் ஒரு பெயரிலும் அட்மிஷன் இன்னொரு பெயரிலும் நிற்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே பல்கலைக்கழகம், ஏபிஎஸ், பிளாக்டு அக்கவுண்ட், இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் எழுதுங்கள். மார்க்‌ஷீட்டில் இனிஷியலாக நிற்பதற்கு, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று நோட்டரி முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்து வைத்துக்கொண்டால் கேட்கும்போது நீட்டலாம்.

பாஸ்போர்ட் கடந்த பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கங்கள் வேண்டும். படிப்பு முடிவதற்குள் காலாவதியாகிற பாஸ்போர்ட் என்றால் இப்போதே புதுப்பித்துவிடுங்கள். வசிப்பு அனுமதியைப் பாஸ்போர்ட்டின் காலத்தைத் தாண்டித் தரமாட்டார்கள்.

ஏபிஎஸ் சான்றிதழ்

2022 நவம்பர் 1 முதல் இந்தியாவிலிருந்து படிக்கப் போகிறவர்களுக்கு இது கட்டாயம். டெல்லியில் ஜெர்மன் தூதரகத்தோடு இணைந்த கல்வி மதிப்பீட்டு மையம் உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவைதானா, ஜெர்மனியில் உயர்கல்வி சேரத் தகுதியானவைதானா என்று பார்த்துச் சான்று தரும். கட்டணம் 18,000 ரூபாய். முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்களுக்கும், ஜெர்மன் அரசு நிதியில் உதவித்தொகை பெறுகிறவர்களுக்கும் விலக்கு உண்டு. மற்றவர்கள் தப்ப முடியாது.

பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல்கள், எல்லா செமஸ்டர் மார்க்‌ஷீட்டுகள், பட்டச் சான்றிதழ் ஆகியவை வேண்டும். எல்லாம் என்றால் எல்லாமும்தான். அரியர் வைத்துப் பிறகு பாஸ் செய்திருந்தால் அந்த முயற்சியின் மார்க்‌ஷீட்டும் சேர்த்தி. கன்சாலிடேட்டட் மார்க்‌ஷீட் இருக்கிறதே என்று செமஸ்டர் தாள்களை விட்டுவிடாதீர்கள். அரியர் இருந்ததை மறைப்பதால் ஒரு லாபமும் இல்லை. இரண்டு மூன்று அரியர்களுக்காக யாரும் விசாவை மறுப்பதில்லை. மறைத்தது தெரிந்தால் மறுப்பார்கள்.

சாதாரணமாகச் சில வாரங்களில் வந்துவிடும். கோடை நெருங்கும்போது கூட்டம் சேர்ந்து இழுக்கும். உங்கள் கல்லூரியிடமோ பல்கலைக்கழகத்திடமோ அவர்கள் சரிபார்ப்புக் கேட்டு, அங்கே பதில் எழுத ஆளில்லாமல் கடிதம் கிடந்தால் இன்னும் இழுக்கும். அப்படி ஆனால் நேரில் போய்த் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் விசாரிப்பதுதான் வழி. மின்னஞ்சலை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அட்மிஷனில் விசாவுக்கு முக்கியமானது மட்டும்

எந்தப் பல்கலைக்கழகம் என்பது தனிக் கதை. இங்கே மூன்று விஷயம் போதும்.

ஒன்று, கட்டணம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை, செமஸ்டர் பங்களிப்பு மட்டும் இருக்கும். ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து முதுகலைக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. கடன் தொகையைத் தீர்மானிக்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு, அட்மிஷன் கடிதம் நிபந்தனையோடு வந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘சேரும்போது அசல் சான்றிதழைக் காட்ட வேண்டும்’ என்பது வெறும் சடங்கு. ‘அதற்குள் ஜெர்மன் மொழித் தேர்வில் இந்த நிலை பாஸ் செய்ய வேண்டும்’ என்பது உண்மையான நிபந்தனை. அப்படியானால் அந்த மொழி வகுப்பில் இடம் கிடைத்ததற்கான ஆதாரமும் விசா விண்ணப்பத்தில் போக வேண்டியிருக்கும். கடிதத்தில் சேர்க்கைக்குக் கடைசித் தேதி எழுதியிருப்பார்கள். அதை ஒரு காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள், மற்ற தேதிகள் எல்லாம் அதிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுபவை.

மூன்று, பாடம் நேரில் நடக்கிறதா. மாணவர் வசிப்பு அனுமதி முழுநேர, நேரடிப் படிப்புக்குத்தான். சில தனியார் நிறுவனங்கள் ‘ஹைபிரிட்’ என்று சொல்லி முக்கால்வாசியை ஆன்லைனில் நடத்துகின்றன. அதை வெளிநாட்டவர் அலுவலகம் தொலைதூரக் கல்வி என்று முடிவுகட்டினால், ஜெர்மனியில் உட்கார்ந்து படிக்க உங்களுக்கு அவசியமில்லை என்று ஆகிவிடும். லட்சக்கணக்கில் கட்டணம் கட்டியவர்கள் இந்தக் காரணத்துக்காகவே நாட்டைவிட்டுக் கிளம்பச் சொல்லிக் கடிதம் வாங்கியிருக்கிறார்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பறையில் என்று கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

பணம்: பிளாக்டு அக்கவுண்டும் வங்கிக் கடனும்

முதல் வருடச் செலவுக்கான பணம் உங்கள் பெயரில் ஜெர்மனியில் முடக்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும். 2024 செப்டம்பர் முதல் இந்தத் தொகை 11,904 யூரோ, அதாவது மாதம் 992 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு. யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தாலே 11.9 லட்சம். இந்தத் தொகையை அவ்வப்போது உயர்த்துவார்கள். விண்ணப்பம் போடும் நாளில் தூதரகத்தின் பக்கத்தில் என்ன தொகை இருக்கிறதோ அதுதான் கணக்கு. எக்ஸ்பாட்ரியோ, ஃபின்டிபா, கொராக்கிள் போன்ற நிறுவனங்கள் வழியாகத்தான் இந்தியாவிலிருந்து பெரும்பாலும் கணக்குத் தொடங்குகிறார்கள். பாஸ்போர்ட்டும் அட்மிஷன் விவரமும் கொடுத்து ஆன்லைனிலேயே திறந்துவிடலாம். தொடங்குவதற்கு ஒரு கட்டணம், மாதா மாதம் ஒரு சிறு கட்டணம்.

கணக்குத் திறப்பது சுலபம். பணத்தை அதில் முழுசாகக் கொண்டு சேர்ப்பதில்தான் வினை இருக்கிறது.

கடன் எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பல வங்கிக் கிளைகளில் ‘விசா வந்தால்தான் பணம் விடுவிப்போம்’ என்பார்கள். விசா அலுவலகமோ பணம் கணக்கில் வந்த பிறகுதான் விண்ணப்பத்தை முழுமையானதாக எடுத்துக்கொள்ளும். கடன் அனுமதிக் கடிதத்தை மட்டும் காட்டினால் அதைப் பணமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்த முட்டுச்சந்தில் ஜூலை மாதம் போய் நிற்கக் கூடாது என்றால், கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே ‘விசாவுக்கு முன் பிளாக்டு அக்கவுண்டுக்கு நேரடியாக விடுவிக்கப்படும்’ என்ற வரி அனுமதிக் கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மேனேஜர் வாயால் சொன்னது செல்லாது. அடுத்த மாதம் அவருக்கு மாற்றல் வந்துவிடும். இன்னொரு குழப்பமும் உண்டு. கல்லூரிக் கட்டணத்தைக் கல்லூரிக்கு அனுப்பித்தான் கிளைகளுக்குப் பழக்கம். கட்டணமே இல்லாத படிப்புக்கு, மாணவர் பெயரிலுள்ள வெளிநாட்டுக் கணக்குக்குப் பன்னிரண்டு லட்சம் ஏன் என்று கேட்பார்கள். தூதரகத்தின் பிளாக்டு அக்கவுண்ட் விளக்கப் பக்கத்தையும் கணக்கு நிறுவனம் தரும் விவரக் கடிதத்தையும் அச்செடுத்துக் கையோடு கொண்டுபோனால் பேச்சு சீக்கிரம் முடியும்.

பணம் அனுப்பும் நாளில் வங்கியில் ஏ2 படிவம் தருவார்கள். அதில் நோக்கக் குறியீடு எஸ்0305, வெளிநாட்டுக் கல்விக்கானது. வேறு குறியீட்டைப் போட்டால் வரிப் பிடித்தம் மாறிவிடும். ஒரு நிதியாண்டில் பத்து லட்சத்தைத் தாண்டும் தொகைக்குச் சொந்தப் பணமாக இருந்தால் டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரி தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். முறையான கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு 2025 ஏப்ரல் முதல் டிசிஎஸ் இல்லை. ஆனால் வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனையோ பர்சனல் லோனையோ கல்விக் கடன் என்று சொல்லி இந்தச் சலுகையை வாங்க முடியாது.

அதே படிவத்தில் ‘வெளிநாட்டு வங்கிக் கட்டணம் யார் பொறுப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ‘அனுப்புபவர்’ என்று தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் இடையில் நிற்கும் வங்கி பதினைந்து இருபது யூரோவை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பும். 11,904 வர வேண்டிய இடத்தில் 11,886 வந்து நிற்கும். 18 யூரோ குறைந்தாலும் முடக்கச் சான்றிதழ் வராது; அந்த 18 யூரோவை அனுப்ப மறுபடியும் ஏ2, மறுபடியும் வங்கிக் கட்டணம், மறுபடியும் ஒரு வாரம். கணக்கு நிறுவனம் சொல்லும் தொகையோடு ஐம்பது நூறு யூரோ சேர்த்தே அனுப்பிவிடுவது புத்திசாலித்தனம். கூடுதலாகப் போன பணம் எங்கும் தொலையாது, அங்கே போனபின் உங்களுக்கே வரும். அவர்கள் தரும் ரெஃபரன்ஸ் எண்ணைக் குறிப்புக் கட்டத்தில் எழுத மறந்தால், பணம் யாருடையது என்று தெரியாமல் சில நாள் கிடக்கும்.

விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் போய்விடுமோ என்று பெற்றோர் பயப்படுவார்கள். போகாது. மறுப்புக் கடிதத்தைக் காட்டினால் முடக்கத்தை நீக்கித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாற்று விகிதத்திலும் கட்டணத்திலும் கொஞ்சம் நஷ்டம் வரும், அவ்வளவுதான்.

விண்ணப்பம்

2025 தொடக்கத்திலிருந்து தேசிய விசா விண்ணப்பங்கள் ஜெர்மன் வெளியுறவுத் துறையின் தூதரகச் சேவைத் தளத்தில் ஆன்லைனில் போடப்படுகின்றன. படிவத்தை நிரப்பி ஆவணங்களைப் பதிவேற்ற வேண்டும். முழுமையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான், விசா விண்ணப்பங்களை வாங்கிக்கொள்ளும் விஎஃப்எஸ் மையத்தில் நேரில் வரும் தேதிக்கு வழி திறக்கும். தமிழ்நாடு, புதுச்சேரிக்காரர்களுக்குச் சென்னை. வேறு மாநிலத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தால் எந்தத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறீர்கள் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே வசிப்பதற்கான ஆதாரம் கேட்பார்கள்.

பாஸ்போர்ட், அட்மிஷன் கடிதம், ஏபிஎஸ், பட்டமும் மார்க்‌ஷீட்டுகளும், மொழிச் சான்று, பிளாக்டு அக்கவுண்ட் சான்று, இன்சூரன்ஸ், சிவி, நோக்கக் கடிதம், வேலை பார்த்ததற்கான கடிதங்கள் ஆகியவைதான் கேட்கப்படும் ஆவணங்கள். புகைப்படம் 35-க்கு 45 மில்லிமீட்டர், ஆறு மாதத்துக்குள் எடுத்தது. ஸ்டுடியோவில் ‘ஷெங்கன் அளவு’ என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். முகத்தை வெளுப்பாக்கி அழகுபடுத்த வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மொழிச் சான்று பற்றி ஒரு எச்சரிக்கை. படித்தது ஆங்கில வழி என்று கல்லூரி தரும் கடிதத்தைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்கின்றன. விசா அலுவலகம் அதோடு திருப்தியடையும் என்று உத்தரவாதமில்லை. ஐஇஎல்டிஎஸ் அல்லது டோஃபல் எழுதி வைப்பது பாதுகாப்பு.

பதிவேற்றத்தில் தடங்கலாவது சின்னச் சின்ன விஷயங்களில்தான். மொபைலில் எடுத்த சாய்ந்த படம், மார்க்‌ஷீட்டின் பின்பக்கம் இல்லாதது, மூன்றாவது செமஸ்டர் இரண்டு முறை ஏறி நான்காவது காணாமல் போனது. ஒவ்வொரு குறைக்கும் திருப்பி அனுப்புவார்கள், நீங்கள் சரிசெய்து அனுப்பினால் மறுபடி வரிசையில் நிற்கும். ஆகஸ்டில் இப்படி இரண்டு முறை நடந்தால் அக்டோபர் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். எட்டு செமஸ்டரையும் வரிசையாக ஒரே பிடிஎஃப்-ஆக ஸ்கேன் செய்து, உங்களைத் தவிர இன்னொருவரிடம் கொடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிவியில் மாதம் விடாமல் எழுதுங்கள். வேலையை விட்டு எட்டு மாதம் வீட்டில் இருந்தால் ‘ஐஇஎல்டிஎஸ் தயாரிப்பு, பல்கலைக்கழக விண்ணப்பங்கள்’ என்று உண்மையை எழுதினால் போதும். அந்த எட்டு மாதத்துக்கு மாமாவின் கம்பெனியிலிருந்து போலி அனுபவக் கடிதம் வாங்கிச் சேர்ப்பது வேண்டாத வம்பு. சம்பளச் சீட்டோ, வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறியதோ, பிஎஃப் பதிவோ கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. இடைவெளிக்கு விளக்கம் சொல்லலாம், போலிக்குச் சொல்ல முடியாது.

நோக்கக் கடிதம்

ஒன்றிலிருந்து இரண்டு பக்கம். ‘ஜெர்மனி பொறியியலின் தாயகம், உலகத்தரம் வாய்ந்த கல்வி, கார் தொழிற்சாலைகள்’ என்று தொடங்கும் கடிதத்தில் விண்ணப்பதாரரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. படிப்பவர் தேடுவது இதைத்தான்: இந்த ஆள், இந்தப் பட்டம், இந்த வேலைக்குப் பிறகு, இந்தப் படிப்புக்குப் போவது நம்பும்படியாக இருக்கிறதா?

ஒவ்வொரு படிப்புக்கும் பல்கலைக்கழகம் பாடப்பிரிவுக் கையேடு வெளியிட்டிருக்கும். அதை இறக்கி வாசியுங்கள். ‘கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் நிறுவனத்தில் இரண்டு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தேன். இம்பெல்லரில் குழிவிழும் சேதத்தை அளக்கத் தெரிந்தது, முன்கூட்டிக் கணிக்கத் தெரியவில்லை. இந்தப் படிப்பின் இரண்டாம் செமஸ்டரில் உள்ள கணினிப் பாய்ம இயக்கவியல் பாடமும் ஆய்வகமும் எனக்கு வேண்டியது அதற்காகத்தான்’ என்ற மாதிரி மூன்று வாக்கியம், இரண்டு பக்கப் புகழ்ச்சியைவிட அதிகம் வேலை செய்யும். துறை மாறிப் போகிறவர்கள், மெக்கானிக்கலில் இருந்து டேட்டா சயின்ஸ் மாதிரி, ஏன் என்பதைத் தனியாக எழுதியே ஆக வேண்டும். இடையில் எடுத்த கோர்ஸ், செய்த பிராஜெக்ட் இருந்தால் அதைக் காட்டுங்கள். படித்து முடித்தபின் என்ன என்பதற்குப் பொய் வேண்டாம். அங்கே சில வருடம் வேலை பார்க்க விருப்பம் என்று சொன்னால் தவறில்லை. பட்டம் முடித்தவர்கள் வேலை தேட 18 மாதம் வரை அனுமதி தருவதே அந்த நாட்டின் சட்டம்தான்.

இன்சூரன்ஸ்

விசாவுக்கு, நீங்கள் இறங்கும் நாளிலிருந்து பல்கலைக்கழகத்தில் சேரும் வரைக்கும் பயணக் காப்பீடு வேண்டும். சேர்ந்த பிறகு சட்டப்படியான மருத்துவக் காப்பீடு. முப்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு டிகே, ஏஓகே, பார்மர் போன்ற அரசுமுறைக் காப்பீடுகளில் மாணவர் கட்டணம், மாதம் ஏறத்தாழ 140 முதல் 150 யூரோ. முப்பது தாண்டியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை, கூடுதலாகக் கட்ட வேண்டும்.

மாதம் 40 யூரோவுக்குத் தனியார் காப்பீடு இருக்கிறது என்று ஆசைகாட்டுவார்கள். அதை எடுக்க வேண்டுமானால் அரசுமுறைக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் அந்தப் படிப்பு முடியும் வரை திரும்பி வர முடியாது. பல் வேர் சிகிச்சையோ அறுவை சிகிச்சையோ வரும்போதுதான் 40 யூரோ காப்பீட்டின் சிறிய எழுத்துகளைப் பலர் வாசிக்கிறார்கள். முப்பது வயதுக்குள் இருந்தால் அரசுமுறைக் காப்பீட்டிலேயே இருங்கள். உங்கள் காப்பீட்டு நிலையை அவர்கள் நேராகப் பல்கலைக்கழகத்துக்கு மின்னணு முறையில் தெரிவிப்பார்கள், ‘எம்10’ என்பார்கள். அது போகாமல் சேர்க்கை முடியாது என்பதால் கிளம்புவதற்கு முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.

நேரில் போகும் நாளும் காத்திருப்பும்

விஎஃப்எஸ் மையத்தில் அசல்களைக் காட்டி, கைரேகை கொடுத்து, 75 யூரோ விசா கட்டணத்தை ரூபாயாகவும் அவர்களுடைய சேவைக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். கவுன்டரில் இருப்பவர் முடிவெடுப்பவர் இல்லை; அவர் ‘இது போதும்’ என்றாலும் ‘இது தேவையில்லை’ என்றாலும் அதற்கு மேல் அர்த்தம் தேட வேண்டாம்.

பிறகு கோப்பு, நீங்கள் குடியேறப்போகும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் போகலாம். மாணவர்களைப் பொறுத்தவரை அங்கிருந்து மூன்று வாரமும் இரண்டு வேலை நாளும் ஆட்சேபம் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. மொத்தத்தில் சில வாரங்களிலிருந்து மூன்று மாதம் வரை ஆகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். வாரா வாரம் மின்னஞ்சல் போடுவதால் வேகம் கூடாது. சேர்க்கைத் தேதி நெருங்கிவிட்டால் பல்கலைக்கழகத்துக்கு எழுதித் தாமதமாகச் சேர அனுமதியோ, அடுத்த செமஸ்டருக்கு மாற்றமோ கேளுங்கள். பல இடங்களில் தருகிறார்கள், ஆனால் கேட்டால்தான்.

ஸ்டிக்கர் ஒட்டி வந்ததும் பெயர், பாஸ்போர்ட் எண், தொடக்கத் தேதி மூன்றையும் அங்கேயே சரிபாருங்கள். தொடக்கத் தேதிக்கு ஒரு நாள் முன்னால்கூட இறங்க முடியாது. விமான டிக்கெட்டை அதற்கு முன் போடாதீர்கள்.

மறுப்பு வந்தால் முன்பு இலவசமாக மறுபரிசீலனை மனு போட முடிந்தது. 2025 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது இரண்டே வழி: ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கு, அல்லது புதிய விண்ணப்பம். வழக்கு ஜெர்மன் மொழியில், நாளாகும், செலவும் ஆகும். பெரும்பாலானவர்களுக்குப் புதிய விண்ணப்பம்தான் உகந்தது. மறுப்புக் கடிதத்தில் சொன்ன காரணத்துக்குப் பதில் இல்லாமல் அதே காகிதங்களை மறுபடி போட்டால் அதே பதில்தான் வரும். முதல் மறுப்பை மறைக்கவும் கூடாது, அவர்களிடம் பதிவு இருக்கும்.

இறங்கிய பிறகு

அசல் சான்றிதழ்கள், அட்மிஷன் கடிதம், பிளாக்டு அக்கவுண்ட் சான்று, இன்சூரன்ஸ் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். எல்லையில் கேட்பார்கள், பெட்டி அப்போது வேறெங்கோ சுற்றிக்கொண்டிருக்கும்.

வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியிருப்பு உறுதிப் படிவம் தேவை. வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. ‘பதிவு செய்து தரமாட்டேன், அதற்காகத்தான் வாடகை குறைவு’ என்று சொல்கிற அறையை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். பதிவு இல்லாமல் வரி எண் வராது, வசிப்பு அனுமதிக்கும் வழியில்லை. பதிந்த அன்றே தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். அங்கே தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதில்லை, பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லாவிட்டால் வங்கி அட்டை, வரி எண், வெளிநாட்டவர் அலுவலகக் கடிதம் எல்லாம் வந்த வழியே திரும்பிவிடும்.

உள்ளூர் வங்கிக் கணக்கு திறந்து அதன் விவரம் கொடுத்த பிறகுதான் முடக்கிய பணத்திலிருந்து மாதம் 992 யூரோ வரத் தொடங்கும். அதற்குள் வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டியிருக்கும், சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம். ஆகவே பிளாக்டு அக்கவுண்டுக்கு வெளியே ஃபாரெக்ஸ் கார்டில் தனியாக 1,500 முதல் 2,000 யூரோ வைத்துக்கொள்ளாமல் கிளம்ப வேண்டாம்.

வேலை: வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். 2024 மார்ச்சில்தான் இந்த அளவுக்கு உயர்த்தினார்கள். பல்கலைக்கழகத்துக்குள் மாணவர் உதவியாளராக வேலை பார்ப்பது இந்தக் கணக்கில் சேராது. ஃப்ரீலான்ஸ் வேலைக்குத் தனி அனுமதி வேண்டும். இந்தியக் கம்பெனிக்கு ஆன்லைனில் செய்து கொடுப்பதும் அதில் அடங்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வசிப்பு அனுமதிக்கான விண்ணப்பத்தை விசா முடிவதற்குக் குறைந்தது எட்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். பெரிய நகரங்களில் நேரில் சந்திக்கத் தேதி கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆன்லைனில் போட முடிந்தால் போட்டு, வந்த ஒப்புகையைச் சேமித்து வையுங்கள். கட்டணம் 100 யூரோ. மாணவர் சேர்க்கைச் சான்று, காப்பீடு, முகவரிப் பதிவு, பணம் இருப்பதற்கான ஆதாரம் கேட்பார்கள். பிளாக்டு அக்கவுண்டில் அப்போது மீதி எவ்வளவு என்பதையும் பார்ப்பார்கள். 2025 மே முதல் அட்டைக்கான புகைப்படம் டிஜிட்டலாக மட்டுமே ஏற்கப்படுகிறது. ஊரிலிருந்து எடுத்துப்போன பாஸ்போர்ட் சைஸ் படங்கள் இதற்குப் பயன்படாது.

விசா முடியும் நாளுக்கு முன் விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும் வரை உங்கள் பழைய உரிமை அப்படியே தொடரும். அதற்கு அடையாளமாக ஒரு தற்காலிகச் சான்று தருவார்கள். உள்ளே மூன்று கட்டங்கள் இருக்கும். பிரிவு 81 உட்பிரிவு 4 என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தால் ஊருக்குப் போய்த் திரும்பி வரலாம். உட்பிரிவு 3 என்றால் ஜெர்மனிக்குள் இருக்கலாம், வெளியே போனால் அந்தக் காகிதத்தை வைத்துத் திரும்பி நுழைய முடியாது. அக்கா கல்யாணத்துக்கு டிக்கெட் போடும் முன் அந்தக் குறி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.